கைகள் காத்த பூங்கா

நுழையும்முன்

நியூயார்க் நகரின் நடுவே அமைந்துள்ள சென்ட்ரல் பார்க் உலகெங்கும் அறியப்பட்ட பொதுப்பூங்கா. உருவாகி நூறாண்டு கடந்தபின் அது பாழடைந்தது. பின்னர் மீண்டும் தழைத்தது. அந்த மீட்பில் சம்பளம் பெறாத பொதுமக்களின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வுழைப்பு எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டது என்பதையும், அது எழுப்பிய வினாக்களையும் இப்பாடம் விளக்குகிறது.

செய்யப்பட்ட இயற்கை

மன்ஹாட்டன் தீவில் தெருக்கள் கட்டம் போட்டாற்போல் நேராக ஓடுகின்றன. அக்கட்டங்களுக்கு நடுவே, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமும் முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமும் உடைய பசுமைப் பரப்பு ஒன்று விரிந்து கிடக்கிறது. பரப்பளவு 843 ஏக்கர். ஏரி, சோலை, புல்வெளி, வளைந்து செல்லும் நடைபாதை எல்லாம் அதனுள் உள்ளன. முதன்முறை காண்போர், நகரம் வளர்ந்தபோது வெட்டாமல் விட்டுவைத்த பழங்காடு இது என்றே எண்ணுவர்.

உண்மை அதற்கு மாறானது. ஆங்காங்கே தலைநீட்டும் பாறைகளைத் தவிர, இங்குக் கண்ணுக்குத் தெரியும் யாவும் மனிதர் அமைத்தவை. சதுப்பு நிலங்களைத் தோண்டி ஏரிகளாக்கினர், மண்ணைக் கொட்டி மேடு அமைத்தனர், மரங்களை நட்டனர், நீர் வடிய மண்ணுக்கடியில் குழாய்களைப் பதித்தனர். 1858இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் ஆகிய இருவரும் அளித்த திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. நகரப் போக்குவரத்து பூங்காவைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அதே நேரம் உலவுவோர் கண்ணில் அது படவும் கூடாது. இதற்காக நான்கு குறுக்குச் சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி அமைத்தனர். மோட்டார் வண்டிகள் தோன்றாத காலத்தில் எழுந்த சிந்தனை இது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பூங்கா அமைந்த நிலம் ஆளில்லாத வெற்றிடமாகவும் இருக்கவில்லை. அதன் மேற்குப் பகுதியில் செனகா வில்லேஜ் என்னும் ஊர் இருந்தது. அடிமைமுறை நிலவிய நாட்டில் சொந்தமாக நிலம் வாங்கி வீடு கட்டி வாழ்ந்த கறுப்பின மக்களே அங்குப் பெரும்பான்மையினர். 1825இல் தோன்றிய அவ்வூரில் தேவாலயங்களும் பள்ளியும் இருந்தன. பூங்காவுக்காக நகர நிர்வாகம் நிலத்தைக் கையகப்படுத்தியதால் 1857இல் அவ்வூர் கலைக்கப்பட்டது. பூங்காவின் அழகைப் பேசும் நூல்கள் நெடுங்காலம் இச்செய்தியைப் பேசாமலே கடந்தன. பொதுநன்மைக்கென உருவாகும் ஒன்றன் விலையைச் சிலர் மட்டுமே செலுத்த நேர்வது வரலாற்றில் புதிதன்று. எனினும் அவ்விலை பதிவு செய்யப்பட வேண்டும்.

செய்யப்பட்ட இயற்கைக்கு ஓர் இயல்பு உண்டு. காட்டைக் கவனிக்காமல் விட்டால் அது காடாகவே இருக்கும். பூங்காவைக் கவனிக்காமல் விட்டால் அது பூங்காவாக இராது. வடிகால் குழாய் அடைத்தால் புல்வெளி சேறாகும். ஏரியில் வண்டல் படிந்து தூர்ந்தால் அது மீண்டும் சதுப்பாகும். கவாத்து செய்யாத மரங்கள் ஒன்றையொன்று நெருக்கி, அடியில் உள்ள செடிகளுக்கு ஒளி கிடைக்காமல் செய்யும். பூங்காவை அமைக்கும் பணி ஒருநாள் முடிவுறும். பராமரிக்கும் பணிக்கு முடிவில்லை.

பாழடைந்த ஆண்டுகள்

1963இல் சென்ட்ரல் பார்க் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1974இல் நியூயார்க் நகரம் தன் முதல் இயற்கையெழில் சின்னமாகவும் அதனை அறிவித்தது. பட்டங்கள் வந்து சேர்ந்த அதே ஆண்டுகளில்தான் பூங்கா சீரழிந்துகொண்டிருந்தது. 1975இல் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. செலவைக் குறைக்க முற்பட்டபோது முதலில் வெட்டு விழுந்த துறைகளுள் பூங்காத் துறையும் ஒன்று. தோட்டப் பணியாளர்களின் எண்ணிக்கை சுருங்கியது. இருக்கைகள் உடைந்தன, விளக்குகள் எரியவில்லை, கற்சுவர்களிலும் பாலங்களிலும் வண்ணக் கிறுக்கல்கள் நிறைந்தன. பொழுது சாய்ந்தபின் பூங்காவுக்குள் செல்ல மக்கள் அஞ்சினர்.

ஷீப் மெடோ என்னும் புல்வெளியின் நிலையே இதற்குச் சான்று. பெயருக்கேற்ப அங்கு 1934 வரை செம்மறியாடுகள் மேய்ந்தன. ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்புள்ள அப்புல்வெளி, 1970களில் பல்லாயிரவர் கூடும் இசைநிகழ்ச்சிகளாலும் இடைவிடாத மிதிபாட்டாலும் புழுதிக்களமானது. இதன் காரணத்தை அறிவியல் எளிதில் விளக்கும். நல்ல மண்ணில் துகள்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. அவற்றின் வழியே காற்றும் நீரும் வேரைச் சென்றடைகின்றன. ஓயாத மிதிபாடு அவ்விடைவெளிகளை நசுக்கிவிடுகிறது. மண் இறுகியதும் வேர் மூச்சடைத்துச் சாகிறது. பெய்யும் மழை உள்ளே இறங்க வழியின்றி மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது. அம்மண் ஏரியில் சென்று படிகிறது. ஆகவே, புல்வெளி அழிந்தால் ஏரியும் அதைத் தொடர்ந்து அழிகிறது. பூங்காவின் உறுப்புகள் தனித்தனியானவை அல்ல என்பதை நகர மக்கள் இவ்வாறு இழந்த பிறகே உணர்ந்தனர்.

32 வழிகள்

இந்நிலையில் சில குடிமக்கள் முன்வந்தனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் எலிசபெத் பார்லோ ராஜர்ஸ் என்னும் எழுத்தாளர். நகரமைப்புக் கல்வி பயின்ற அவர், ஓம்ஸ்டெட்டைப் பற்றி நூல் எழுதியவர். 1976இல் ‘நியூயார்க்’ இதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பூங்காவை மீட்கப் பொதுமக்கள் தம் நேரத்தாலோ பொருளாலோ உதவக்கூடிய 32 வழிகளை அதில் வரிசைப்படுத்தினார்.

அக்கட்டுரையின் சிறப்பு அதன் எண்ணிக்கையில் இல்லை. ‘பூங்காவைக் காப்போம்’ என்று பொதுப்படக் கூறினால் கேட்பவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். இன்ன வேலை இருக்கிறது, இதற்கு இவ்வளவு செலவாகும், இதனை நீங்கள் செய்யலாம் என்றால் அவரால் அவ்வளவு எளிதில் விலகிச் செல்ல இயலாது. பொதுப்பணிக்கு ஆள் திரட்ட விழையும் எவரும் கற்கவேண்டிய முறை இது.

அதே காலத்தில் மற்றொரு குழுவினர், பூங்காவின் நிர்வாகத்தை ஆராயும் பணியைப் பேராசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தனர். பணியாளர் பற்றாக்குறையோடு பொறுப்பின்மையும் நோய்க்குக் காரணம் என அவ்வாய்வு காட்டியது. பூங்கா முழுமைக்கும் பொறுப்பேற்கும் ஒற்றை அலுவலர் எவருமில்லை. அத்தகைய ஒருவரை அமர்த்தவேண்டும் என்பது ஆய்வின் பரிந்துரை. நகர நிர்வாகம் அதனை ஏற்று, 1979இல் சென்ட்ரல் பார்க்குக்கென முதல் நிர்வாகியை அமர்த்தியது. அப்பதவிக்கு வந்தவர் ராஜர்ஸ். மறு ஆண்டில் குடிமக்கள் குழுக்கள் இணைந்து சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்னும் பாதுகாப்பு அமைப்பு உருவாயிற்று. பூங்கா நகரத்தின் உடைமையாகவே நீடித்தது. அதனைச் சீரமைக்கும் பணியில் அவ்வமைப்பு நகரத்தோடு கைகோத்தது.

கண்ணாடி மாளிகை இருந்த இடம்

பூங்காவின் வடகிழக்கில், ஐந்தாம் அவென்யூவும் 105ஆம் தெருவும் சந்திக்குமிடத்தில் உயரமான இரும்பு வாயில் ஒன்று உள்ளது. 1894இல் பாரிசில் செய்யப்பட்டு, வாண்டர்பில்ட் என்னும் செல்வக் குடும்பத்தின் மாளிகையை அணிசெய்த வாயில் அது. மாளிகை இடிக்கப்பட்டபின் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. அதைக் கடந்து சென்றால் ஆறு ஏக்கர் பரப்பில் கன்சர்வேட்டரி கார்டன் விரிகிறது.

கன்சர்வேட்டரி என்பது செடிகளைக் குளிரிலிருந்து காக்கும் கண்ணாடி மாளிகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு எழுப்பப்பட்ட மாளிகை, பராமரிக்கப் பணமின்றி 1934இல் இடிக்கப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தால் மக்கள் வேலையிழந்து வாடிய காலம் அது. வேலையற்றோர்க்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின்கீழ் அவ்விடத்தில் தோட்டம் அமைக்கப்பட்டு, 1937இல் திறக்கப்பட்டது. மாளிகை மறைந்தாலும் பெயர் மறையவில்லை.

தோட்டம் மூன்று பகுதிகளாக உள்ளது. நடுப்பகுதி இத்தாலியப் பாணியில் அமைந்தது: பரந்த புல்தரை, இருபுறமும் காட்டு ஆப்பிள் மரவரிசை, எதிரே விஸ்டீரியாக் கொடிப்பந்தல். வடபகுதி பிரெஞ்சுப் பாணியில் அமைந்தது. மூன்று பெண்கள் கைகோத்து ஆடும் சிற்பத்தைச் சுற்றிப் பூப்பாத்திகள் வளையமாக அமைந்துள்ளன. தென்பகுதி ஆங்கிலப் பாணியில் அமைந்தது. ஆண்டுதோறும் தழைக்கும் பல்லாண்டுச் செடிகள் அங்கு அடுக்கடுக்காக நிற்கின்றன. அதன் நடுவிலுள்ள சிறு குளத்தில் ஒரு சிறுவன் குழலூத, அருகில் ஒரு சிறுமி கிண்ணம் ஏந்தி நிற்கும் சிற்பம் உண்டு. பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னட் என்னும் பெண் எழுத்தாளரின் நினைவாக வைக்கப்பட்டது அது. பூட்டிக் கிடந்த தோட்டமொன்றைச் சிறுவர்கள் உயிர்ப்பிக்கும் கதையைக் கூறும் ‘தி சீக்ரெட் கார்டன்’ அவர் எழுதிய நாவல். அச்சிற்பம் நின்ற தோட்டமே ஒருகாலத்தில் பாழடைந்து, எவரும் நுழைய அஞ்சும் இடமாயிற்று.

1982இல் இத்தோட்டத்தை மீட்கும் பொறுப்பை ராஜர்ஸ், லிண்டன் மில்லரிடம் ஒப்படைத்தார். மில்லர் ஓவியர். தோட்டக்கலையையும் விரும்பிப் பயின்றவர். நட்டால் திருடுவார்கள், பூத்தால் பறிப்பார்கள் என்று ஐயுற்றோர் பலர். தோட்டத்துக்கு அண்மையில் வாழ்ந்தவர்களோ பெரும்பாலும் ஏழை மக்கள். அவர்களுக்கு எளிய செடி போதும், உயர்ந்தவை வேண்டா என்னும் எண்ணத்தை மில்லர் ஏற்கவில்லை. அழகாக அமைத்து, அவ்வழகு குன்றாமல் காத்தால் மக்கள் வருவர். மக்கள் வந்தால் அச்சம் அகலும் என்பது அவருடைய கொள்கை.

ஓவியரின் கண் அவருக்குப் பெரிதும் உதவியது. பூ சில வாரங்களே இருக்கும். இலையின் நிறமும் வடிவமும், கிளையின் கோடும் ஆண்டு முழுவதும் இருக்கும். ஆதலால் மரம், குறுமரம், பல்லாண்டுச் செடி ஆகியவற்றைக் கலந்து நட்டார். இலையுதிர்ந்து பனி படர்ந்த நாளிலும் தோட்டம் பார்க்கத்தக்கதாக இருந்தது. நம் மாணவர்களுக்கு இங்கு ஒன்றை நினைவூட்டலாம்: நியூயார்க்கில் குளிர்காலத்தில் நிலம் உறைந்துவிடும், அங்குத் தோட்டக்காரர்க்கு வேலை செய்யக் கிடைக்கும் மாதங்கள் நம்மூரைவிடக் குறைவு.

தன்னார்வலரின் வேலை

‘தன்னார்வலர்’ என்னும் நம் சொல் ஆர்வத்தையே முன்னிறுத்துகிறது. ஆனால் தோட்டத்துக்குப் பயன்படுவது ஆர்வத்தைவிட ஒழுங்கு. ஒருநாள் நூறுபேர் கூடிக் களையெடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்தால், அடுத்த மழையில் களை மீண்டும் முளைக்கும். வாரந்தோறும் குறித்த நாளில் குறித்த பாத்திக்கு வந்து நிற்கும் பத்துப்பேர் அதைவிடப் பெரும்பயன் தருவர்.

கன்சர்வன்சியின் முறை இதை அடிப்படையாகக் கொண்டது. பயிற்சி பெற்ற தோட்டக்காரர் ஒருவர் வழிகாட்ட, தன்னார்வலர்கள் அவர்கீழ் பணியாற்றுகின்றனர். களை பறித்தல், வாடிய பூக்களைக் கிள்ளுதல், மூடாக்கு இடுதல், சருகு வாருதல், நாற்று நடுதல் ஆகியவை அவர்களுடைய வேலைகள். வேறு சிலர் வருவோரை வரவேற்று வழி காட்டுகின்றனர். சுற்றிக் காட்டி வரலாறு கூறுகின்றனர். களை பறித்தல் எளிய வேலை போலத் தோன்றும். வேனிலின் தொடக்கத்தில் களையின் முளையும் நற்செடியின் முளையும் ஒன்றுபோலவே இருக்கும். அறியாத கை இரண்டையும் பறித்துவிடும். இவ்வேறுபாட்டை நூலில் படித்து அறிவதைவிட, அறிந்தவர் அருகில் அமர்ந்து விரலால் தொட்டுக் கற்பதே உறுதியானது. சில பருவங்கள் கழிந்தால் தன்னார்வலர் அப்பாத்தியைத் தம் வீட்டு முற்றத்தைப் போல் அறிந்துகொள்வார்.

வடபகுதியில் ஒவ்வோர் இளவேனிலிலும் ஏறத்தாழ 20,000 துலிப் மலர்கள் பூக்கின்றன. அவற்றின் கிழங்குகள் முந்திய இலையுதிர்காலத்திலேயே, நிலம் உறைவதற்குமுன் மண்ணுக்குள் சென்றிருக்க வேண்டும். ஒவ்வொரு கிழங்கையும் முனை மேல்நோக்கி இருக்குமாறு தனித்தனியே கையால் வைக்கவேண்டும். குளிரில் கிடந்து பழகிய கிழங்கே வேனிலில் நன்கு பூக்கும். துலிப் பூத்து ஓய்ந்தபின் அப்பாத்திகளில் சாமந்தி நடப்படுகிறது. அது இலையுதிர்காலத்தில் பூக்கும். இப்படி ஓராண்டில் ஒரே மண் பலமுறை கிளறப்படுகிறது.

பூங்கா முழுமைக்கும் இம்முறையை விரிவாக்கியது 1996இல் நிகழ்ந்தது. அதற்குமுன் பணியாளர் குழுக்கள் இடம்விட்டு இடம் சென்று வேலை செய்தன. யார் செய்த வேலை சிறந்தது, யார் விட்ட வேலை கெட்டது என்று அறிய வழியில்லை. அவ்வாண்டில் பூங்காவை 49 வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினர். அவ்வட்டத்தின் புல்லுக்கும் குப்பைக்கும் உடைந்த இருக்கைக்கும் அவரே பொறுப்பு. தன்னார்வலர்களும் அவரோடு இணைந்து பணிபுரிந்தனர். சுவரில் கிறுக்கல் தென்பட்டால் 24 மணி நேரத்துக்குள் அகற்றிவிட வேண்டும் என்பது விதி. கிறுக்கியவர் மறுநாள் வந்து தம் கைவண்ணத்தைக் கண்டு மகிழ முடியாதபடி செய்தனர். என் கருத்தில் மீட்பு வரலாற்றின் மிகக் கூர்மையான உத்தி இதுவே.

எவருடைய பூங்கா?

பூங்காவை நேசிப்போர் அனைவரும் ஒரே கருத்துடையவராக இருக்கவில்லை. ராம்பிள் என்னும் சோலைப்பகுதியில், பழைய வடிவமைப்பில் இருந்த காட்சிவெளிகளை மீட்பதற்காக 1980களின் தொடக்கத்தில் மரங்கள் வெட்டப்பட்டன. பறவை நோக்குவோர் கொதித்தெழுந்தனர். வலசை வரும் பறவைகள் இறங்கி இளைப்பாறும் இடம் அது. சென்ட்ரல் பார்க்கில் இருநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் காணப்பட்டுள்ளன. ஓம்ஸ்டெட் வரைந்த காட்சியை மீட்பதா, இடைக்காலத்தில் தானே அடர்ந்து பறவைகளுக்குப் புகலிடமான சோலையைக் காப்பதா என்னும் வினாவில் இருதரப்பிலும் நியாயம் இருந்தது. வரலாற்றுத் தோட்டத்தை மீட்போர் எந்த ஆண்டின் தோட்டத்தை மீட்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். அதன்பின் அப்பகுதியில் பணிகள் மேலும் எச்சரிக்கையோடு நடைபெற்றன.

இதனினும் கடினமான வினா பணத்தைப் பற்றியது. 1998இல் நகரமும் கன்சர்வன்சியும் முறையான ஒப்பந்தம் செய்துகொண்டன. பூங்காவின் அன்றாடப் பராமரிப்பு அவ்வமைப்பின் பொறுப்பாயிற்று. செலவின் பெரும்பகுதியை அது நன்கொடையாகத் திரட்டுகிறது. 2012இல் செல்வந்தர் ஒருவர் 10 கோடி டாலர் வழங்கினார். செய்தியைப் பலர் போற்றினர். சிலர் வேறொன்றைக் கேட்டனர். சென்ட்ரல் பார்க்கைச் சுற்றி வாழ்வோர் செல்வர். அதற்கு நன்கொடை கிடைக்கிறது. ஏழைகள் வாழும் பகுதியிலுள்ள சிறு பூங்காவுக்கு யார் தருவர்? செல்வ வளமுள்ள பூங்கா அமைப்புகள் தம் நிதியில் ஐந்தில் ஒரு பங்கை வறிய பூங்காக்களுக்கு அளிக்கவேண்டும் என மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு முன்வரைவும் கொண்டுவரப்பட்டது. அது சட்டமாகவில்லை.

பணத்துக்குக் கூறியது உழைப்புக்கும் பொருந்தும். தன்னார்வலர் வருகின்றனர் என்பதைக் காரணமாக்கி அரசு தன் பணியாளரைக் குறைத்துவிடலாகாது. சென்ட்ரல் பார்க்கின் ஒவ்வொரு வட்டத்துக்கும் சம்பளம் பெறும் தோட்டக்காரர் ஒருவர் இருந்ததனால்தான் தன்னார்வலரின் உழைப்பு சிதறாமல் பயன்பட்டது. பராமரிப்புக்கு அடித்தளமாக நின்றவர் அத்தோட்டக்காரரே. தன்னார்வலர் அவருடைய கைகளைப் பெருக்கினர். நன்கொடையாளரோ தன்னார்வலரோ ஓய்வில் விலகலாம். பூங்கா நகர மக்களின் உடைமை என்பதால் நகர நிர்வாகம் விலக இயலாது. கன்சர்வன்சியைப் பார்த்துப் பின்பற்ற விரும்பிய பிற நகரங்களுள் சில, நிதி திரட்டும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளாமல் விடும் ஆபத்து எப்போதும் உண்டு.

மீட்கப்பட்ட தோட்டமும் முதுமை அடைகிறது. மில்லரும் அவரோடு உழைத்தவர்களும் கன்சர்வேட்டரி கார்டனை உயிர்ப்பித்து நாற்பதாண்டுகள் கடந்த நிலையில், அதற்கு மீண்டும் ஒரு முழுமையான சீரமைப்பு தேவைப்பட்டது. 2022இல் அப்பணி தொடங்கப்பட்டது. நடைபாதைக் கற்களும் நீரூற்றுகளும் பழுது பார்க்கப்பட்டன, பாத்திகள் புதுப்பிக்கப்பட்டன. தோட்டம் முழுவதையும் ஒருங்கே மூடாமல் பகுதி பகுதியாக வேலை நடந்தது. வாண்டர்பில்ட் வாயில் வழியே வந்தவர்கள் வேலி கட்டிய பகுதியைச் சுற்றிக்கொண்டு மற்றப் பகுதிக்குச் சென்றனர். அங்குத் தன்னார்வலர்கள் வழக்கம்போல் களை பறித்துக்கொண்டிருந்தனர்.